பசுமைப் பள்ளியும் பெஞ்சில் உட்காரும் பிள்ளையும்

டிசம்பர் பிறந்துவிட்டால் தில்லியிலும் நொய்டா, குருகிராம் பக்கங்களிலும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: நர்சரி அட்மிஷன். எந்த ஸ்கூல், வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், பஸ் உண்டா, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் எப்படி, தமிழ் ஒரு பாடமாகக் கிடைக்குமா என்று பட்டியல் நீளும். கடந்த பதினைந்து வருஷங்களில் இந்தப் பட்டியலில் ஒரு புதுச் சொல்லும் வந்து சேர்ந்திருக்கிறது. பள்ளியின் கையேட்டைப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே 'கிரீன் கேம்பஸ்'. கூரையில் சூரியத் தகடு, தோட்டத்தில் மழைநீர்த் தொட்டி, வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ். "நல்ல ஸ்கூல் அக்கா, பில்டிங்குக்கே கோல்டு ரேட்டிங் கிடைச்சிருக்காம்" என்று பரிந்துரைக்கிற அளவுக்குச் சொல் பரவிவிட்டது.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பசுமைக் கட்டடம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மின்சாரமும் தண்ணீரும் மிச்சமானால் யாருக்குத்தான் கசக்கும்? என் கேள்வி வேறு. இந்தக் கட்டடம் பூமிக்கு நல்லது என்று சான்று கொடுத்தவர்கள், அதற்குள் தினமும் ஆறு மணி நேரம் உட்காரும் பிள்ளைக்கு அது நல்லதா என்று யாரிடம் கேட்டார்கள்?

இந்தியாவில் இந்தச் சான்றிதழ் இயக்கத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. ஐதராபாத்தில் உள்ள சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-ல் அமெரிக்காவின் 'லீட்' முறையில் பிளாட்டினம் தரம் பெற்றது. 2004-ல் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்து வைத்தார். பின்னால் டெரி நிறுவனத்தின் 'கிரிஹா', இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் பள்ளிகளுக்கென்றே வகுத்த மதிப்பீடு என நம்முடைய அளவுகோல்களும் வந்தன. முறை என்னவோ ஒன்றுதான். பரீட்சை மாதிரி, தலைப்புவாரியாக மார்க்.

அந்த மார்க்கைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். லீட் முறையில் பள்ளிகளுக்கென்று 2009-ல் வந்த பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 110 புள்ளிகள். மின்சாரத்துக்கு 33, மனை அமைப்புக்கு 24, கட்டுமானப் பொருளுக்கு 13, தண்ணீருக்கு 11, மற்றவைக்கு 10. அறைக்குள் இருக்கும் சூழலுக்கு, அதாவது காற்று, வெப்பம், வெளிச்சம், ஒலி எல்லாவற்றுக்கும் சேர்த்து 19. பிளாட்டினத்துக்கு 80 போதும். அந்த 19-ல் ஒன்றுகூட வாங்காமல் 91 வரை போகலாம் என்பது சாதாரணக் கழித்தல். குறைந்தபட்ச நிபந்தனைகள் சில உண்டு, அதனால் நடைமுறையில் அவ்வளவு மோசமாகப் போகாது, உண்மைதான். ஆனாலும் கணக்குப் பாடத்தில் நூறு வாங்கியவன் தமிழில் வாங்கிய பூஜ்யத்தை மொத்த மதிப்பெண்ணில் மறைத்துவிடலாம் என்றால், அந்த ரேங்க் கார்டை எந்த அம்மா நம்புவாள்?

அதே பதிப்பில் இன்னொரு விஷயம். கட்டடம் திறந்து 6 முதல் 18 மாதத்துக்குள், உள்ளே இருப்பவர்களிடம் "வெப்பம் சௌகரியமாக இருக்கிறதா" என்று கேட்கச் சம்மதித்தால் ஒரு புள்ளி கிடைக்கும். நல்ல யோசனை. யாரிடம் கேட்பது? பெரியவர்களிடமும் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களிடமும். ஒன்றிலிருந்து ஐந்து வரை படிக்கும் குழந்தைகள் கணக்கில் வரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் நிரப்பத் தெரியாது என்பது காரணமாக இருக்கலாம். புழுக்கமாக இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்குக் கேள்வித்தாள் எதற்கு?

வெப்பத்தைப் பற்றிய சாஸ்திரமே பெரியவர்களை வைத்து எழுதப்பட்டதுதான். டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் 1970-ல் வெளியிட்ட நூல்தான் உலகெங்கும் ஏ.சி. பொறியாளர்களுக்கு வேதம். மூடிய சோதனை அறையில் கல்லூரி வயது இளைஞர்களை உட்கார வைத்துப் பெற்ற விவரங்களின் மேல் அவர் சூத்திரம் நிற்கிறது. குளிர்நாட்டு இளைஞர்கள் விரும்பிய வெப்பநிலையை அளந்துவிட்டு, மதுரைக்காரனும் மான்ட்ரியால்காரனும் ஒரே வெப்பத்தில்தான் சுகமாக இருப்பார்கள் என்று முடிவு கட்டியது அந்தச் சாஸ்திரம். இதற்கு மாற்றாக வந்ததே தகவமைப்புக் கொள்கை. மனிதன் ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ப உடையை, ஜன்னலை, இருக்கும் இடத்தை மாற்றிக்கொள்கிறான், அவனுக்குச் சுகமான வெப்பமும் அதற்கேற்ப மாறுகிறது என்பது அதன் சாரம்.

நெடுநல்வாடை படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கூதிர்காலம் வந்ததும் மேல்மாடத்தில் தென்றலுக்காக வைத்த சாளரத்தை அங்கே தாழிட்டுவிடுகிறார்கள். வேனிலில் வீசிய வட்ட விசிறி மடக்கித் தொங்க விடப்பட்டு, அதில் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. ஃபாங்கருக்குப் பின்வந்தவர்கள் பெரும்பாடுபட்டு நிறுவிய விஷயம் இது.

நம் நாட்டிலும் இந்த வழியில் ஒரு நல்ல ஆராய்ச்சி நடந்தது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தி, 2014-ல் முடிவு வெளியானது. சென்னை, பெங்களூர், அகமதாபாத், தில்லி, சிம்லா ஆகிய ஐந்து ஊர்களில் 16 கட்டடங்களில் மூன்று பருவங்களில் கேட்டு 6,330 பதில்கள் வாங்கினார்கள். அதிலிருந்து வந்த சூத்திரம் எளிமையானது. ஜன்னல் திறந்து வாழும் கட்டடத்தில், வெளியே கடந்த முப்பது நாள் சராசரி வெப்பத்தை 0.54-ஆல் பெருக்கி 12.83 கூட்டினால், உள்ளே சுகமாக இருக்கும் வெப்பம் கிடைக்கும். அதற்கு இருபுறமும் 2.38 டிகிரி வரை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏற்றுக்கொள்வார்கள். வெளிச் சராசரி 33 என்றால் உள்ளே கிட்டத்தட்ட 28-லிருந்து 33 வரை சரி. ஏ.சி.யை 22-ல் வைக்க அவசியமே இல்லை என்று பசுமைக்காரர்கள் சொல்வதற்கு இது பலமான ஆதாரம். எனக்கும் அதில் உடன்பாடே.

ஆனால் இரண்டு ஆட்சேபம். அந்த 16-ம் அலுவலகங்கள், பதில் சொன்னவர்கள் உத்தியோகஸ்தர்கள். பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், அதே அறையில் பெரியவர்களைவிடச் சற்றுக் குறைந்த வெப்பத்தையே அவர்கள் விரும்புவது தெரிகிறது. ஓடியாடி வந்து உட்காரும் உடம்பு, அப்படித்தான் இருக்கும். இரண்டாவது ஆட்சேபம் முக்கியமானது. தகவமைத்துக்கொள்ள சுதந்திரம் வேண்டும். ஆபீசில் ஒருவர் கோட்டைக் கழற்றலாம், ஜன்னலருகே போகலாம், எழுந்து டீ குடித்துவிட்டு வரலாம். பள்ளிப் பிள்ளைக்கு இதில் எது அனுமதி? ஏப்ரலிலும் கழுத்தில் டை, காலில் கருப்பு ஷூ, சாக்ஸ். ஸ்வெட்டர் போடும் தேதியைத் தீர்மானிப்பது சர்க்குலர். ஜன்னல் திறக்க மிஸ்ஸிடம் கேட்க வேண்டும். தண்ணீர் குடிக்கவும் கேட்க வேண்டும். தகவமைப்பின் எல்லாக் கதவையும் அடைத்துவிட்டுத் தகவமைப்புச் சூத்திரத்தை மட்டும் பள்ளிக்குக் கொண்டுவந்தால் என்ன அர்த்தம்? கட்டடக் கலைஞர் செய்ய முடியாத இந்த வேலையைத் தலைமையாசிரியர் ஒரு சர்க்குலரில் செய்துவிடலாம். டையை எடுத்துவிட ஒரு பைசா செலவில்லை.

தில்லிப் பள்ளிக் கட்டடங்களிடம் எனக்குள்ள பெரிய குறை நாட்காட்டி பற்றியது. பசுமைப் பள்ளி என்றால் மே மாத வெயிலை எப்படித் தடுத்தோம் என்றுதான் விளக்கப்படம் வைக்கிறார்கள். மே நடுவிலிருந்து ஜூன் முடியப் பள்ளிகள் பெரும்பாலும் விடுமுறை. பிள்ளைகள் சென்னையிலோ திருச்சியிலோ பாட்டி வீட்டில் இருக்கிறார்கள். பள்ளி திறந்திருக்கும் நாட்களில் அவர்களை வாட்டுவது மூன்று: ஜூலை, ஆகஸ்ட் புழுக்கம், நவம்பர்ப் புகை, ஜனவரிக் குளிர். ஜனவரியில் வெளிச் சராசரி 14 டிகிரி என்றால், மேலே சொன்ன சூத்திரப்படியே உள்ளே 18-க்குக் கீழே போகக் கூடாது. ஹீட்டர் இல்லாத, வடக்குப் பார்த்த தரைத்தள வகுப்பில் காலை எட்டு மணிக்கு 18 டிகிரி இருக்குமா? கையுறையோடு பேனா பிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். இந்தக் குளிர் எந்த விளக்கப்படத்திலும் வருவதில்லை.

பருவத்தைச் சரியாகப் படித்துக் கட்டிய பள்ளிகள் இல்லாமலில்லை. லடாக்கில் ஷே கிராமத்தில் உள்ள ட்ருக் பத்மா கார்ப்போ பள்ளி அதற்கு நல்ல சான்று. 'த்ரீ இடியட்ஸ்' (2009) படத்தில் வந்ததால் ராஞ்சோ ஸ்கூல் என்றே சுற்றுலாக்காரர்கள் அழைக்கிறார்கள். லண்டனின் அரூப் அசோசியேட்ஸ் வடிவமைத்து, 2001-ல் முதற்கட்டம் திறந்தது. 2002-ல் உலகக் கட்டடக்கலை விருதுகள் மூன்று கிடைத்தன. என்னைக் கவர்ந்தது விருதல்ல, ஒரு கோணம். வகுப்பறைகளை நேர் தெற்காக வைக்காமல் 30 டிகிரி கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் வரும் காலை நேரத்திலேயே வெயில் உள்ளே விழுந்து அறை சூடாக வேண்டும் என்பதற்காக. விடுதிக்கு அந்தக் கோணம் இல்லை. அங்கே ராத்திரிதான் சூடு வேண்டும். அதனால் பகல் வெயிலைச் சேமித்து இரவில் விடும் தடித்த சுவரைக் கண்ணாடிக்குப் பின்னால் தெற்குப் பார்க்க வைத்தார்கள். பிள்ளை எப்போது எங்கே இருப்பாள் என்பதிலிருந்து கட்டடம் புறப்பட்டிருக்கிறது. கழிப்பறைக்குக்கூடக் கருப்பு வண்ணம் பூசிய புகைபோக்கி, வெயில் அதைச் சூடாக்க, நாற்றம் மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீரே வேண்டாம். (கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகள் நம் நகரங்களில் எத்தனை பேர்? சௌகரியம் என்று பேசும்போது இதையும் பேச வேண்டும்.) இதே பள்ளிக்குள் 2010 ஆகஸ்ட் மேகவெடிப்பில் சேறு புகுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலைப் படித்தவர்களுக்கும் மலை வேறொரு பாடம் வைத்திருந்தது.

ஜெய்சல்மேர் அருகே கனோயி கிராமத்தில் 2021-ல் திறந்த ராஜ்குமாரி ரத்னாவதி பெண்கள் பள்ளி இன்னொன்று. டயானா கெல்லாக் வடிவமைத்தது. உள்ளூர் மஞ்சள் கல், முட்டை வடிவம், ஜாலிச் சுவர், மேலே நிழல் தரும் சூரியத் தகடுகள், ஏ.சி. கிடையாது. பத்திரிகைகள் படம் படமாகப் போட்டுத் தள்ளின. அழகு என்பதில் சந்தேகமில்லை, பாலைவனத்தில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கிற அழகுக்குத் தனி மதிப்பும் உண்டு. ஆனால் நம் நகரத்துப் பள்ளிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு இங்கும் ஜாலியும் கல்லும் வைத்தால் போதும் என்று கிளம்பும்போதுதான் கவலை வருகிறது. தடித்த கல் பகலில் சூட்டைக் குடிக்கும், இரவில் கக்கும். இரவு நன்றாகக் குளிர்கிற வறண்ட ஊரில் மட்டுமே அந்தக் கொடுக்கல் வாங்கல் சரியாக நடக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் இரவும் புழுங்குவதால் கல் குளிர்வதில்லை, அங்கே வேண்டியது குறுக்குக் காற்று. தில்லி இரண்டுங்கெட்டான். ஜூன் வரை ஜெய்சல்மேர், ஜூலையில் சென்னை. ஊரைப் படிக்காமல் படத்தைப் பார்த்துக் கட்டினால் பிள்ளைக்குத்தான் வேர்க்கும்.

இனி காற்றுக்கு வருகிறேன். இதுதான் தில்லிக்காரர்களுக்குத் தலையாய விஷயம். 2016 நவம்பரில் புகை மூட்டத்துக்காகப் பள்ளிகளை மூடினார்கள். அப்போது அது பெரிய செய்தி. 2024 நவம்பரில் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனபோது யாரும் அதிர்ச்சி அடையவில்லை. பி.எம். 2.5 என்னும் நுண்துகளுக்கு நம் நாட்டின் ஒரு நாள் வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. தில்லியின் மோசமான நாட்களில் முந்நூறைத் தாண்டுவது சகஜம்.

பள்ளி என்ன செய்கிறது? ஜன்னலை மூடி, ஸ்பிளிட் ஏ.சி. போட்டு, மூலையில் ஒரு ஏர் பியூரிஃபையர் வைக்கிறது. பெற்றோருக்கும் திருப்தி. இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஐம்பது சதுர மீட்டர் அறை, மூன்று மீட்டர் உயரம், ஆக 150 கனமீட்டர் காற்று. நாற்பது பிள்ளைகள். ஒரு பிள்ளை மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயு விடுகிறது என்று வைத்தால், நாற்பது பேருக்கு 480 லிட்டர். காற்றே புகாத அறையானால் நாற்பது நிமிஷ பீரியடில் பத்து லட்சத்துக்கு 2,100 பங்குக்கு மேல் கூடிவிடும். வெளிக்காற்றில் இருப்பதே 420-க்கு மேல். ஆக மொத்தம் 2,500-ஐத் தாண்டும். கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வரும், அந்த அளவுக்குக் குறையும். ஆனால் அடுத்த பீரியடும் அதே அறையில்தான். மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே, ஆயிரத்துக்கு மேல் போனால் அறைக்காற்று கெட்டது என்று எழுதிவைத்தார். மூன்றாவது பீரியடில் பிள்ளை கொட்டாவி விட்டால் "ராத்திரி டிவி பார்த்தியா?" என்று திட்டுகிறோம். காற்றையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

நம்மில் பலருக்குத் தெரியாத உண்மை, சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறையில் இருக்கும் அதே காற்றைச் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. பியூரிஃபையர் துகளைப் பிடிக்கும், கரியமில வாயுவைத் தொடாது. ஜன்னலைத் திறந்தால் வாயு போகும், துகள் வரும். கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது ஜன்னலைத் திற என்றார்கள், நவம்பர் வந்ததும் மூடு என்றார்கள். இரண்டும் சரியான ஆலோசனைதான், அதுதான் கஷ்டம். முறையான தீர்வு, வெளிக்காற்றை வடிகட்டி விசிறி வைத்து உள்ளே தள்ளுவது. அதற்குச் செலவும் மின்சாரமும் ஆகும். மின்சாரம் கூடினால் பசுமை மார்க் குறையும்! சான்றிதழின் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோடு மோதுகிற இடம் இது. 33 புள்ளியும் 19 புள்ளியும் மோதினால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க விதிகள் நம் ஊருக்கு வரும்போது வேடிக்கையும் சேர்ந்தே வருகிறது. புதுக் கட்டடத்தில் பெயின்ட், பிசின், புது மேஜை நாற்காலி விடும் வாசனை வாயுக்களை வெளியேற்ற, குடிபுகுமுன் ஒவ்வொரு சதுர அடிக்கும் 14,000 கன அடி வெளிக்காற்றைச் செலுத்திக் கழுவ வேண்டும் என்று லீட் முறையில் ஒரு வழி உண்டு. வெளிக்காற்று சுத்தமானது என்பது அதில் சொல்லாமல் விட்ட அனுமானம். நவம்பர் தில்லியில் இதைச் செய்தால் எதை வைத்து எதைக் கழுவுகிறோம்?

செலவில்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. குளிர்கால தில்லியில் புகை இரவிலும் விடியலிலும் தரையோடு படிந்திருக்கும், வெயில் ஏறிய பிறகு மேலெழுந்து கலையும். ஆகவே ஜன்னலைத் திறக்க வேண்டிய நேரம் மதிய இடைவேளை. நம் பள்ளிகளோ காலை எட்டு மணிக்கு மைதானத்தில் பிரேயரும் டிரில்லும் வைத்துவிட்டு, மதியம் மூடிய அறைக்குள் பாடம் நடத்துகின்றன. இதைத் தலைகீழாக்க எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகல் வெளிச்சம் நிறைந்த வகுப்பில் பிள்ளைகள் கணக்கில் 20 சதவீதமும் வாசிப்பில் 26 சதவீதமும் வேகமாக முன்னேறினார்கள் என்பது பசுமைக் கட்டடக் கட்டுரைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் செய்தி. ஹெஷோங் மஹோன் குழு கலிபோர்னியாவில் கேபிஸ்ட்ரானோ என்ற பள்ளி மாவட்டத்தில் செய்து 1999-ல் வெளியிட்ட ஆய்வு அது. அதே குழு ஃப்ரெஸ்னோ என்ற ஊரில் மறுபடி செய்து 2003-ல் வெளியிட்டபோது அந்தப் பலன் அப்படியே திரும்ப வரவில்லை. ஜன்னல் வழி நல்ல காட்சி தெரிவது நன்மை செய்தது, கண் கூசும் வெயில் கெடுதல் செய்தது என்று தெரிந்தது. நேர்மையாக இரண்டாவதையும் வெளியிட்டவர்கள் பாராட்டுக்குரியவர்கள். முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களை என்ன சொல்ல? மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்துவிட்டுப் பிறகு திரை போட்டு, உள்ளே டியூப் லைட் எரிக்கும் 'பகல் வெளிச்ச' வகுப்புகள் நம் ஊரில் நிறைய.

கடைசியாக ஒலி. என் மனசுக்குள் ஆறாமல் கிடப்பது இதுதான், ஏனென்றால் இது நம் பிள்ளைகளைத் தனியாகத் தொடுகிறது. வகுப்பறை ஒலிக்கென்று அமெரிக்காவில் 2002-ல் ஒரு தரநிலை வந்தது. ஆளில்லாத சாதாரண வகுப்பில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் கூடாது, எதிரொலி அடங்க 0.6 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. கிரானைட் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை, இரும்புக் கால் நாற்காலிகள், மூன்று மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே ரிங் ரோடு என்று இருக்கும் நம் வகுப்பில் அதை எதிர்பார்க்க முடியுமா? பசுமை முறையில் நிலைமை மோசமாகவும் கூடும். பொருளை மிச்சப்படுத்த ஃபால்ஸ் சீலிங்கை விட்டுவிடுகிறார்கள், சுவரை வெறுமையாக விடுகிறார்கள், காற்றுக்கு ஜாலி வைக்கிறார்கள். காற்று வரும் வழியில் ஹாரனும் வரும். பெர்க்லி பல்கலைக்கழகக் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பசுமை அலுவலகங்களில் காற்றைப் பற்றிய திருப்தி மற்றக் கட்டடங்களைவிடக் கூடியிருந்தது, ஒலியைப் பற்றிய திருப்தி கூடவில்லை.

இரைச்சலில் தாய்மொழி கேட்பவன் விட்ட சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்வான். பிறமொழியில் கேட்கும் பிள்ளைக்கு அந்த ஊகம் கைகொடுப்பதில்லை, அதனால் ஒரே இரைச்சல் அவனை அதிகம் பாதிக்கிறது என்பது ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் கண்டது. வீட்டில் தமிழ் பேசிவிட்டு இங்கே ஒன்றாம் வகுப்பில் போய் உட்காரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நமக்குக் ககரம் ஒன்று. இந்தியில் நாலு. அழுத்தி ஊதிச் சொல்லும் 'க'வுக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மூச்சுக் காற்று. அதைக் கடைசி பெஞ்சில், எதிரொலிக்கும் அறையில், விசிறிச் சத்தத்துக்கு நடுவே அவன் பிடிக்க வேண்டும். டிக்டேஷனில் தப்பு வந்தால் "மதராசிப் பிள்ளைகளுக்கு இந்தி வராது" என்று முடித்துவிடுகிறார்கள். இந்தி வராதது மதராசியினால் எவ்வளவு, கூரையினால் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை.

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் சான்றிதழைப் பற்றிக் கேட்பதைவிட, கைதட்டிப் பார்க்கலாம். காலி வகுப்பில் ஒருமுறை பலமாகத் தட்டி, சத்தம் 'கணீர்' என்று தொடர்ந்தால் அறை சரியில்லை என்று அர்த்தம். பின்சுவர் முழுக்கப் பிள்ளைகளின் படம் ஒட்டும் மென்பலகை அடித்தால் பாதி அடங்கும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ், அது கிடைக்காவிட்டால் பழைய டென்னிஸ் பந்தில் ஒரு கீறல் போட்டு மாட்டிவிடலாம். நாற்பது நாற்காலிக்கு நூற்றறுபது பந்து வேண்டும். பேட்டைக்கு ஒரு கிரிக்கெட் டீம் உள்ள ஊரில் அதற்கா பஞ்சம்?